கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு சூட்டுப் பாய்: வாங்கலாமா?

மார்ச் பிறந்தால் போதும், ரொறன்ரோவில் தோட்டம் செய்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும், பின்வளவில் இன்னும் ஸ்னோ கிடந்தாலும். இந்த முறை ஒன்லைனில் ஒரு செற் எடுத்தேன். ஹீற் மற் என்று விற்கிறார்களே, கன்றுத் தட்டுக்குக் கீழே விரிக்கிற சூட்டுப் பாய், அது ஒன்று. 72 குழித் தட்டு, அதற்கு ஒரு அடித்தட்டு, மேலே போடப் பிளாஸ்ரிக் மூடி, கூடவே சூட்டை அளந்து பாயைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்ரற். வரியோடு அறுபது டொலருக்குக் கிட்ட வந்தது. பாய்க்கும் தேர்மோஸ்ரற்றுக்கும் கொடுத்த காசு வீண்போகவில்லை. தட்டும் மூடியும் சுத்தக் குப்பை. கம்பனிப் பெயர் சொல்லப்போவதில்லை, ஒரே சாமான்தான் ஒன்லைனில் பல பெயர்களில் கிடக்கிறது.

தக்காளிக்கு இதெல்லாம் பெரிதாகத் தேவையில்லை, வீட்டுச் சூட்டிலேயே முளைத்துவிடும். கத்தரியும் மிளகாயும் அப்படியில்லை, மண் 25 முதல் 30 பாகை வரை சூடாக இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். எங்கள் பேஸ்மென்ற் மார்ச்சில் 18 பாகையைத் தாண்டாது, அந்தக் குளிரில் மிளகாய் விதை கிழமைக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து பாதி அழுகியே போய்விடும். சரி, வெளியே சூடு வந்த பிறகு நேரடியாக விதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். விக்ரோறியா டே, அதாவது மே 25க்கு முந்தின திங்கள், அதற்கு முன்னர் கத்தரியை வெளியே இறக்க இங்கே யாரும் துணியமாட்டார்கள். ஜூனில் விதை போட்டால் அது கன்றாகி, பூத்து, காய்க்க வெளிக்கிடும்போது செப்ரெம்பர் குளிர் வந்து நிற்கும். ஆகவே மே கடைசியில் பாத்திக்குப் போகிற கன்றுக்கு எட்டுப் பத்துக் கிழமை வயதாவது வேண்டும், எண்ணிப் பார்த்தால் மார்ச்சிலேயே விதை மண்ணுக்குள் இருக்கவேண்டும்.

பாய் 10க்கு 20 அங்குலம், 20 வாற்ஸ்தான். இரவு பகலாக எரிந்தாலும் ஒரு நாளைக்கு அரைக் கிலோவாற் மணி வராது, மின்சார பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாய் தானாகச் சூட்டை அளந்து நிற்கிற சாமான் அல்ல. அறைச் சூட்டைவிட ஐந்து முதல் பத்துப் பாகை கூட்டித் தரும், அவ்வளவுதான். வெயில் விழுகிற யன்னலோரம் வைத்தால் மண் தேவைக்கு மேல் சூடாகிவிடும், அதனால்தான் தேர்மோஸ்ரற் இல்லாமல் வாங்காதீர்கள் என்கிறேன். அதன் வயர் நுனியில் இருக்கிற சென்சரை மண்ணுக்குள் செருகவேண்டும். மூடிக்குள் காற்றில் தொங்கவிட்டால் அது காட்டுகிற இலக்கத்துக்கும் விதைக்குக் கிடைக்கிற சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பெட்டியில் வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, நன்றி தெரிவித்து மட்டும் ஒரு பந்தி இருந்தது. 27இல் வைத்துவிட்டு, இறைச்சிக்குக் குத்துகிற தேர்மோமீற்றரை மண்ணில் குத்திப் பார்த்தேன், ஒரு பாகைதான் வித்தியாசம். இந்த விலைக்கு அது நல்ல வேலை. கத்தரி முதலில் தலைகாட்டியது, வளைந்த தண்டின் நுனியில் விதைக் கோது ஒட்டியபடி. பிறகு பச்சைமிளகாய். கொச்சி மிளகாய்தான் எல்லாவற்றுக்கும் பிந்தி வந்தது, அதன் குணமே அப்படி.

இனித் தட்டு. ஈர மண் நிரப்பித் தூக்கினால் நடுவில் தொய்கிறது, தொய்கிற இடத்தில் குழிக்குள் இருக்கிற மண் வெடித்து மேலே வருகிறது. ஒரு மூலை கிழிந்தும் விட்டது. மூடியில் காற்றுக்கென்று இரண்டு திருகு வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று அசையவே மறுக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. முளைத்த பிறகும் சூட்டையும் ஈரத்தையும் அடைத்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து, மண்ணோடு ஒட்டின இடத்தில் தண்டு நூல்போல மெலிந்து கன்று அப்படியே சாய்ந்துவிடும், ஒன்றுக்கு வந்தால் ஒரு வரிசையே போகும். விற்றவருக்கு எழுதினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன், அடுத்த ஓடருக்குப் பத்து வீதம் கழிவு தருகிறோம் என்று பதில் வந்தது. கிழிந்த தட்டுக்கு இன்னொரு கிழியப்போகிற தட்டில் கழிவு!

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கிற படத்தில் நன்றாக வளர்ந்த கன்றுகள் பாயின் மேலே நிற்கின்றன. நம்பாதீர்கள். பாதி விதை முளைத்ததுமே பாயை நிறுத்தி, மூடியைக் கழற்றி, லைற்றுக்குக் கீழே கொண்டுபோகவேண்டும். மார்ச் மாத யன்னல் வெளிச்சம் காணவே காணாது, கன்று நெடுநெடு என்று இழுபட்டு விழும். இலைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே ஒரு எல்.இ.டி. ரியூப், நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். அது இந்தச் செற்றில் இல்லை, அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

பாகலுக்கு விதையை இரவு ஊறவிட்டுப் பாயில் வைத்தால் பலன் தெரியும். வெண்டிக்கும் பயற்றைக்கும் வேரை அலைத்தால் பிடிக்காது, அவற்றை ஏப்ரல் கடைசியில் கடுதாசிக் கப்பில் போட்டுச் சில நாள் மட்டும் சூடு கொடுத்தால் போதும். மல்லிக்கு வேண்டவே வேண்டாம், அதை ஏப்ரலில் நேரே வெளியே தூவிவிடலாம்.

வருடத்துக்கு நாலு கத்தரிக் கன்று போதும் என்கிறவர்கள் இதில் காசைப் போடாதீர்கள், மே மாதம் தமிழ்க்கடை வாசலில் கன்று வந்துவிடும். அங்கே என்ன இனம் என்று கேட்டால் “கத்தரி” என்றுதான் பதில் வரும் என்பது வேறு கதை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரிதான் வேண்டும் என்று விதை தேடி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பாய் உதவும். ஆனால் செற்றாக எடுக்காமல் பாயையும் தேர்மோஸ்ரற்றையும் தனியாக எடுங்கள், தட்டைத் தடிப்பான பிளாஸ்ரிக்கில் நேர்சரியில் பார்த்து வாங்குங்கள். பாயின் பின்பக்கம் சி.எஸ்.ஏ. அல்லது சி.யு.எல். என்ற மின்பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், தண்ணீர் சிந்துகிற இடத்தில் கிழமைக்கணக்கில் எரியப்போகிற மின்சாமான் இது, ஒன்ராறியோவில் அப்படி அங்கீகாரம் இல்லாத மின்சாமானை விற்கவே கூடாது. அப்புறம், மே முடிந்து எடுத்து வைக்கும்போது துடைத்துக் காயவிட்டுச் சுருட்டி வையுங்கள். மடித்தால் உள்ளே ஓடுகிற கம்பி முறிந்துவிடும்.