தவிலுக்கு எழும் ஒளிச்சுவர்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு மண்டபம். மேடையின் பின்சுவரில் பதினாறு ஒளித்தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம், தூணுக்கு 30 விளக்கு, மொத்தம் 480. மேளம் தட்டினால் தூண்கள் எழும், நாகசுரம் இழுத்தால் மேல்வரை நிற்கும், அமைதியானால் அடங்கும். காவடிப் பத்து நாள், வருடப் பிறப்பு, கல்யாணங்கள், நடுவில் ரவான் (வட்டமான தோல் பறை) அடிக்கும் சேகா என்ற இந்தத் தீவின் ஆட்டப்பாட்டு இரவுகள் என்று இரண்டு வருடமாக ஓடுகிறது. இதில் வந்த தொல்லைகளில் முக்கால்வாசி விளக்கில் வந்தவை அல்ல, கேட்கும் பக்கத்தில் வந்தவை. புதிதாகக் கட்டுகிறவர்கள் விளக்குக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது மைக்குக்கு ஒதுக்கினால் பிழைப்பார்கள்.

சாமான்களை முதலில் சொல்லிவிடலாம். ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக் ஒன்று, மீட்டருக்கு 30 விளக்கு உள்ள டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் 16 மீட்டர், 5 வோல்ட் 40 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று, பால்நிற மூடி போட்ட அலுமினியப் பட்டி பதினாறு. மென்பொருள் டபிள்யூஎல்இடி. இலவசம், மூலநிரல் திறந்தது, ஒலிக்கு ஆடும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. தூண் பதினாறாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்: அது ஒலியைத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை 16 பட்டையாகப் பிரித்துக் கொடுக்கிறது. இருபது தூண் வைத்தால் நடுவில் இட்டு நிரப்ப வேண்டிவரும், ஆட்டம் மழுங்கும்.

இனி மைக். இந்தச் சின்ன வில்லைக்கு 120 டெசிபல் வரைதான் தாங்கும். தவிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் அந்த எல்லை சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை இல்லாத உயர்சுருதிகளையெல்லாம் உண்டாக்கும். தொப்பியில் அடித்தாலும் சரி, வலந்தலையில் தட்டினாலும் சரி, பதினாறு தூணும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகிறதென்றால் மைக் திணறுகிறது என்று அர்த்தம். மென்பொருளில் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் சேதம் மைக்கிலேயே நடந்துவிட்டது. தள்ளிவைப்பதுதான் வழி. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் இருந்ததை நாலு மீட்டருக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் இறங்கும். மண்டபத்தின் எதிரொலியால் நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும், ஆனாலும் போதும்.

வயரிங்கில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். மைக்கின் எல்/ஆர் (இடது, வலது தேர்வு) காலைக் கிரவுண்டில் கட்டாயம் இணைக்க வேண்டும். சும்மா விட்டால் ஒருநாள் கேட்கும், மறுநாள் கேட்காது. அடுத்தது நீளம். மைக்குக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் வயருக்கு மேல் போனால் பிட்டுகள் பிசகி, ஆளில்லாத மண்டபத்திலும் தூண்கள் நடுங்கும். மைக்கை மேடைக்கு அருகே வைக்க ஆசைப்பட்டு மூன்று மீட்டர் வயர் இழுப்பது வீண்வேலை. பலகையையே மைக்கோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு, விளக்குக்குப் போகும் டேட்டா வயரை நீட்டிக்கொள்ளலாம். அந்த வயரின் தொடக்கத்தில், டேட்டாவின் வோல்ட்டை உயர்த்த 74ஏஎச்சிடி125 சில்லு ஒன்று தேவை. ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் விளக்கு கேட்பது குறைந்தது 3.5. சில்லு இல்லாமலும் ஓடும். ஓடும் என்பதுதான் ஆபத்து: வெயில் நாளில், வயர் கொஞ்சம் நீண்டால், முதல் தூணிலேயே பொறிபொறியாக நிறம் சிதறும். சில்லுக்கும் வயருக்கும் நடுவே ஒரு 330 ஓம் ரெசிஸ்டரும் போட்டுவிடுங்கள்.

மைக்குக்குக் காது அதன் சின்னப் பலகையின் அடிப்பக்கத்தில், குண்டூசித் தலையளவு துளை. பெட்டி மூடியில் அதற்கு நேராக 3 மில்லிமீட்டர் துளை போட்டு, நடுவில் நுரைப்பஞ்சு வளையம் வைத்து ஒட்ட வேண்டும். பசை துளைக்குள் இறங்கினால் அந்த மைக் போச்சு. மேடைப் பலகையில் பெட்டியைத் திருகினால் காலடிச் சத்தமெல்லாம் முதல் தூணில் ஏறும், அதனால் சுவரில் ரப்பர் வைத்து மாட்டுவது நல்லது. மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் முதல் இரண்டு தூண்கள் கீழே இறங்கவே இறங்காது. இதைப் பவர் சப்ளை இரைச்சல் என்று நினைத்துக் கெப்பாசிட்டராக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

வேறு ஊர்க் கையேடுகளில் இல்லாத ஒரு சங்கதி, கற்பூரம். கற்பூரப் புகையும் சாம்பிராணியும் எண்ணெய்ப்பசையுள்ள கரியாக அந்தத் துளைமேல் படியும். காவடிப் பத்து நாள் முடியும்போது உயர்சுருதி காட்டும் கடைசி நாலு தூண்கள் சோர்ந்துபோயிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். உயர்சுருதிதான் முதலில் அடைபடும். துளைக்கு வெளியே மெல்லிய நுரைத்துண்டு ஒன்றை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது மாற்றினால் போதும். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது, உள்ளிருக்கும் சவ்வு கிழியும்.

தானியங்கி கெயின் விஷயத்தில் எங்கள் முடிவு கொஞ்சம் கடுமையானது: மேளக் கச்சேரிக்கு அதை அணைத்துவிடுங்கள். அது செய்வது என்னவென்றால், சத்தம் குறைந்தால் காதைத் தீட்டும், கூடினால் பொத்தும். நாகசுரம் ஒரு நீண்ட சஞ்சாரம் பிடித்ததும் மென்பொருள் கெயினை இறக்கிவிடும், அதன்பின் தவில் எவ்வளவு வெளுத்துக் கட்டினாலும் தூண் பாதிக்குமேல் ஏறாது. வாசிப்பு நின்றதும் கெயின் மெல்ல ஏறி, நாற்காலி நகரும் சத்தத்துக்கெல்லாம் சுவர் துள்ளும். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கு முன் ஒரு கணம் அமைதி வருமே, அந்த நேரத்தில் சுவரும் அடங்கியிருக்க வேண்டாமா? கெயினைக் கையால் நிறுத்தி, ஆளில்லாத மண்டபத்தில் விசிறிகள் ஓடும்போது தூண்கள் சாகும் வரை ஸ்குவெல்ச் எண்ணை (இதற்குக் கீழான சத்தத்தைக் கண்டுகொள்ளாதே என்ற வரம்பை) ஏற்றி, அதோடு இரண்டு மூன்று கூட்டி விட்டுவிடுங்கள். பேச்சுக் கூட்டத்துக்கு மட்டும் தானியங்கி பரவாயில்லை.

நாகசுரத்தால் இன்னொரு சிக்கல். அதன் ஒலியில் மேற்சுரங்கள் ஏராளம், அதனால் நடுத்தூணிலிருந்து கடைசி வரை எல்லாம் எரிந்து தவில் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் பிரித்துக் காட்ட, சுவரை இரண்டு பகுதியாக வகுத்தோம். உட்பக்கம் பன்னிரண்டு தூண்கள் பதினாறு பட்டைகளையும் சுருக்கிக் காட்டும். ஓரங்களில் இரண்டிரண்டு தூண்கள் அடிக்கு மட்டும் தெறிக்கும். ‘ரிப்பிள் பீக்’ என்ற விளைவில் எந்தச் சுருதிக்குக் காது கொடுக்க வேண்டும், குறைந்தபட்சச் சத்தம் எவ்வளவு என்று தனியாக வைக்க முடியும். அதைத் தாழ்ந்த சுருதியில் நிறுத்தினால் தொப்பி அடி மட்டும் பிடிபடும். ரவானுக்கும் இதே அமைப்பு பொருந்துகிறது. ஆனால் சுவர் முழுதும் பளிச்சிடும் விளைவுகளை வேகமான தீர்மானத்துக்கு (தவிலின் முத்தாய்ப்பு அடிகளுக்கு) போடாதீர்கள். விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போனால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அபாயம். தவிலோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடும்.

தாமதம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை, கணக்கு இதுதான். மென்பொருள் விநாடிக்கு 22,050 மாதிரி எடுத்து, 512 மாதிரிகளைச் சேர்த்து ஒருமுறை கணக்கிடுகிறது. அதற்கே 23 மில்லிவிநாடி. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோவிநாடி வீதம் 480 விளக்குக்கு 14.4. டேட்டாவை இரண்டு கால்களில் பிரித்து 240, 240 ஆகக் கொடுத்தால் அது 7.2 ஆகும். விளைவின் மென்மையாக்கலும் சேர்ந்தால் மொத்தம் நாற்பதை ஒட்டி வரும். தவில்காரர் திரும்பிப் பார்த்தால் சுவர் ஒரு நூலிழை பிந்தித்தான் தெரியும். பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கோ அடிச்சத்தம் போய்ச் சேரவே 44 மில்லிவிநாடி ஆகிறது. அவர் கண்ணுக்கு ஒளியும் ஒலியும் ஒன்றாக விழும். முன்வரிசையில் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு மென்பொருளைத் திட்டுவதில் பலனில்லை.

மின்சாரத்தில் தெரிந்தே ஏமாறும் இடம் ஒன்று. முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் குடிக்கும், 480 விளக்குக்கு 28.8 ஆம்பியர். மென்பொருளில் உச்சவரம்பாக 12 ஆம்பியர் வைத்தால் அது அளந்து பார்ப்பதில்லை, கணக்குப்போட்டு மங்கலாக்குகிறது. விளைவு: பலத்த அடிக்கு எல்லாத் தூணும் எழும்போது மொத்தச் சுவரும் மங்கிவிடும், மெல்லிய அடி பளிச்சென்று தெரியும்! வெள்ளையைத் தவிர்த்துக் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் உள்ள வண்ணத்தட்டு எடுத்தால் இது வெகுவாகக் குறையும். சிவப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, மஞ்சளுக்கு மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம்தான்.

தூண் நுனியில் வெள்ளை ஆரஞ்சாக மாறினால் வோல்ட் இறங்குகிறது. நீலம்தான் முதலில் பட்டினி கிடக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே, பவர் சப்ளை மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், 10 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் வழியில் போய்விடும். சப்ளையைச் சுவருக்குப் பின்னாலேயே வைத்து நாலு தூணுக்கு ஒரு இடத்தில் மின்சாரம் ஊட்ட வேண்டும். அந்த இணைப்புகளுக்கு ஸ்ட்ரிப்போடு வரும் சின்ன ஜேஎஸ்டி கனெக்டர் ஆகாது. 3 ஆம்பியருக்குத்தான் அது, கல்யாண இரவில் உருகும். பிரதான இணைப்புக்கு எக்ஸ்டி60 என்ற தடித்த கனெக்டர். பலத்த அடியில் மட்டும் பலகை அணைந்து மீண்டும் எழுந்தால் அதற்குத் தனியாக ஒரு 5 வோல்ட் சார்ஜர் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள்.

இரண்டாவது சுவர் வாசல்பக்கம் வைத்து, ஒலித்தகவலை வைஃபை வழியாக அனுப்பலாம். அங்கே மைக் தேவையில்லை. தனியாகச் சோதிக்கும்போது அருமையாக ஓடும். விருந்தாளிகள் வந்ததும் பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை திக்கும். காரணம் நெரிசல் மட்டுமல்ல. அதே வைஃபையில் தூங்கும் நிலையில் ஒரு போன் இருந்தாலே போதும், ரூட்டர் எல்லாருக்குமான பொட்டலங்களைப் பிடித்துவைத்து அடுத்த அறிவிப்புத் துடிப்பின்போதுதான் விடும். பழைய ரூட்டர் ஒன்றை இணையமில்லாமல் இந்த இரண்டு பலகைக்கு மட்டும் ஒதுக்கி, இரண்டிலும் வைஃபை தூக்கத்தை அணைத்த பிறகு திக்கல் போய்விட்டது.

சுவருக்குப் பதில் புரொஜெக்டரும் உலாவியில் ஓடும் வரைகலையும் விரும்புவோருக்கு இரண்டே குறிப்பு. மைக்கைத் திறக்கும்போது எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு மூன்றையும் அணையுங்கள். அவை பேச்சுக்கானவை, தவிலை இரைச்சல் என்று துடைத்துவிடும். பகுப்பாய்வின் மென்மையாக்கல் எண் இயல்பாக 0.8 இருக்கும், அடிகள் களிபோல் குழையும். 0.4க்கு இறக்குங்கள்.

பராமரிப்பில் உப்புக்காற்றுதான் எதிரி. ஸ்ட்ரிப்பில் அரை மீட்டருக்கு ஒரு தொழிற்சாலைச் சால்டர் இணைப்பு இருக்கும், பச்சை பூப்பது அங்கேதான். ஒரு விளக்கு செத்தால் அதற்கு அடுத்த அத்தனையும் இருளும், ஆகவே தேட வேண்டியது இருளின் முதல் விளக்கையும் அதற்கு முந்தையதையும். இரண்டு வருடத்தில் மாற்றியது ஏழு விளக்கு, ஒரு மைக். கடற்கரைப் பக்கம் வைப்பவர்கள் இணைப்புகளில் ஈரம் புகாத கன்ஃபார்மல் பூச்சு தடவியே ஆக வேண்டும். குயர்பிப் போல ஈரமான மேட்டுநிலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு வந்ததுமே மெயின் பிளக்கைக் கழற்றுவது வழக்கம், அதோடு கழற்ற வேண்டியது எக்ஸ்டி60 நாலும் டேட்டா வயர் இரண்டும்தான்.

அடுத்த சுவர் கட்டினால் ஸ்ட்ரிப் 12 வோல்ட் டபிள்யூஎஸ்2815 ஆக இருக்கும். மாற்று டேட்டா வழி இருப்பதால் ஒன்று செத்தாலும் மற்றவை எரியும். மைக் அதே 441, அதே நாலு மீட்டர் தூரத்தில்.