பாசிக்கு யூ.வி. விளக்கா, மணிபிளான்ட்டா?

மீன் தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால் முதலில் கைக்கு வருவது பாசி மருந்து. கொஞ்சம் செலவு செய்வோம் என்று தெரிந்தால் யூ.வி. விளக்கு, அதாவது தண்ணீரைப் புறஊதாக் கதிர் படும்படி ஓடவிடும் கருவி. இரண்டும் வேண்டாம் என்றால் ஒரு சக்கர் மீன். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கடைக்கே போக வேண்டாம்: மணிபிளான்ட் கொடியை வெட்டி, இலை வெளியே, வேர் தண்ணீருக்குள் என்று தொட்டி விளிம்பில் தொங்கவிடுவது. எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் யூ.வி.யும் ஓடியிருக்கிறது, மணிபிளான்ட்டும் வளர்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் மணிபிளான்ட் பக்கம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் மற்ற இரண்டையும் முடித்துவிடலாம். பாசி மருந்துகளில் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. இறாலோ நத்தையோ உள்ள தொட்டியில் அதை ஊற்றவே கூடாது. மீன் மட்டும்தான் என்றாலும் ஆபத்து உண்டு. பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை அந்த அழுகல் இழுத்துக்கொள்ளும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கக்கூடிய தண்ணீர், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான் தாங்கும். சென்னையில் மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டி அந்தச் சூட்டுக்குப் போவது சாதாரணம். அந்த நேரத்தில் மருந்து ஊற்றினால் விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடாமல் மருந்தைத் தொடாதீர்கள்.

சக்கர் குட்டியாக இருக்கும்போது பாசியை மேயும். வளர வளர மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்குப் பழகிவிடும். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்ப்பது ஒரு அடியைத் தாண்டி வளரக்கூடிய மீன். பெரிதான பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் ஏற்கெனவே பரவி மீனவர்களின் வலையைக் கிழிக்கும் மீன் அது. தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். கண்ணாடியைச் சுரண்டித் தின்ன ஓர் உயிர் வேண்டும் என்றால் நெரைட் நத்தை நல்லது. நல்ல தண்ணீரில் அதன் குஞ்சுகள் பிழைக்காது என்பதால் பெருகித் தொல்லை தராது. கட்டைமேலும் கல்மேலும் எள் போல வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் உரமும். உரம் எங்கிருந்து வருகிறது? நாம் போடும் தீனியிலிருந்து. 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராமில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். தினம் ஒரு கிராம் போட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம். அது மீனின் வயிறு வழியாக அமோனியாவாகி, ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். மணலும் கல்லும் போக 130 லிட்டர் நிற்கும் தொட்டியில், எல்லாம் நைட்ரேட்டானால் வாரத்துக்கு 15 பி.பி.எம். (லிட்டருக்கு 15 மில்லிகிராம்) ஏறும். மீனின் உடம்பில் சேர்வது, அடியில் அழுக்காகத் தங்குவது போக 10 என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் 10 ஏறுகிறது, நாம் வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம். இது எங்கே போய் நிற்கும்? 40 பி.பி.எம்.மில். அங்கே போனதும் கால்வாசியை வெளியேற்றினால் 10 குறையும், அடுத்த வாரம் அதே 10 ஏறும். பாதித் தண்ணீர் மாற்றினால் 20இல் நிற்கும், ஆனால் வாரம்தோறும் 65 லிட்டர் சுமக்க வேண்டும். 20க்குக் கீழே வைத்திருந்தால் மீனுக்கும் நல்லது, பாசியும் கட்டுக்குள் இருக்கும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுவான கணக்கு. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் சேராது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயேதான் இருக்கும்.

ஆக, எந்த வழியாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதனால் தொட்டியை விட்டு வெளியே என்ன போகிறது? மருந்து பாசியைக் கொல்கிறது, செத்த பாசியின் உரம் தண்ணீருக்கே திரும்புகிறது. சக்கர் தின்கிறது, கழிவாக அதே தண்ணீரில் விடுகிறது. யூ.வி.யும் கொல்கிறது, வெளியே எடுப்பதில்லை. செடி மட்டும்தான் நைட்ரஜனை இழுத்து இலையாகவும் தண்டாகவும் மாற்றி வைக்கிறது. அதை வெட்டிப் போடும்போது அந்த உரம் நிஜமாகவே தொட்டியை விட்டுப் போகிறது.

யூ.வி.யைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. பச்சைத் தண்ணீர் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. விளக்கைத் தாண்டி ஓடும் ஒவ்வொரு செல்லையும் 254 நானோமீட்டர் கதிர் தாக்கும். பம்ப் வேகம் சரியாக இருந்தால் சில நாட்களில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளியும். மணிபிளான்ட்டால் இந்த வேகத்தில் முடியவே முடியாது. வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி நீந்தித் திரியும் பருவத்தில் இருக்கும்போது அதன் எண்ணிக்கையையும் யூ.வி. குறைக்கும். ஃபில்டர் பஞ்சில் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கண்ணாடியில், இலையில், கல்லில் ஒட்டிய பாசி விளக்குப் பக்கம் வருவதே இல்லை. அதை யூ.வி. தொடாது.

அப்புறம் பராமரிப்பு. ஒன்பது வாட் விளக்கு நாள் முழுக்க ஓடினால் மாதம் ஆறரை யூனிட் மின்சாரம். அது பெரிய செலவில்லை. விளக்கு நீலமாக எரிந்துகொண்டேயிருக்கும், ஆனால் தொடர்ந்து ஓடினால் ஓராண்டு வாக்கில் அதன் கிருமி கொல்லும் வலு குறைந்துவிடும், மாற்ற வேண்டும். இதைவிட எனக்குப் பெரிய வேலையாக இருந்தது உப்புப் படலம். எங்கள் போர் தண்ணீர் கடினமானது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் குடிநீர்க் குடத்தின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் பூச்சு ஏறிவிடும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அதைத் தாண்டிக் கதிர் சரியாக வெளியே வராது. வினிகரில் ஊறவைத்துத் துடைத்து, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மறுபடி மாட்ட வேண்டும். வளையம் நழுவினால் தண்ணீர் மின் இணைப்புக்குள் போகும். நான் ஒரு கோடையும் அதை ஒட்டிய மழைக்காலமும்தான் யூ.வி. ஓட்டினேன். மெட்ரோ தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

மணிபிளான்ட் எப்படி வேலை செய்கிறது? தண்ணீருக்குள் இருக்கும் செடிக்குப் பெரிய தடை கரியமில வாயு. தண்ணீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் சிலிண்டர் வைத்து வாயு விடுகிறார்கள். மணிபிளான்ட்டின் இலை வெளியே இருப்பதால் காற்றிலிருந்தே தேவையானதை எடுத்துக்கொள்ளும். வேர் மட்டும் தண்ணீரிலிருந்து அமோனியத்தையும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும். தொட்டி விளக்கும் அதற்கு வேண்டாம், அறை வெளிச்சம் போதும். எனவே தொட்டி விளக்கை டைமர் போட்டு ஆறு மணி நேரமாகக் குறைக்கலாம். பாசிக்கு உரமும் குறைகிறது, வெளிச்சமும் குறைகிறது.

வைக்கும் விதத்தில் சில கவனங்கள். கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பாலைக் கழுவி, அரை நாள் காயவிட்டு, தனிப் பாட்டில் தண்ணீரில் வேர்விட வையுங்கள். நான்கு விரற்கடை வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். நர்சரியில் வாங்கிய செடி என்றால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், பழைய இலைகளையும் மண்ணையும் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். இலை தண்ணீரில் மூழ்கினால் அழுகும், அது இன்னும் அமோனியா. பால்கனி வெயில் தொட்டிமேல் விழும்படி வைக்கக் கூடாது. கொடியை மட்டும் ஜன்னல் கம்பியில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கைக்கெட்டாத உயரம் அவசியம், இலையைக் கடித்தால் வாய் எரியும்.

முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியாது. வேர் தண்ணீருக்குப் பழகும்போது பழுப்பாக இருக்கும். பிறகு அதிலிருந்து வெள்ளையாக, மெல்லியதாக, கிளைத்துக் கிளைத்துப் புது வேர்கள் இறங்கும். அதற்குப் பிறகுதான் நைட்ரேட் அளக்கும் டெஸ்ட் கிட்டில் நிறம் மாறும். எங்கள் தொட்டியில் நைட்ரேட் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கிய பிறகு கண்ணாடி துடைக்கும் இடைவெளி தானாகவே நீண்டது. இப்போதும் பச்சைப் புள்ளிகள் வருகின்றன, காந்தத் துடைப்பானால் எடுத்துவிடுகிறேன். ஒரு தொல்லை உண்டு: வேர் ஃபில்டர் வாய்க்குள் நுழையும். உறிஞ்சும் குழாய்க்குப் பஞ்சு மாட்டியபின் சரியாகிவிட்டது. எங்களிடம் இருப்பவை மோலியும் ஏஞ்சலும். அவை வேரைச் சீண்டுவதில்லை. கோல்டு ஃபிஷ் வேரைக் கடிக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் வளர்த்ததில்லை.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதுதான் முடிவைத் தீர்மானித்தது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தமிழ்நாட்டில் பல இடங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் கணிசமாக இருக்கிறது. உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே 30 இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டி 30க்குக் கீழே இறங்காது. மேலே சொன்ன கணக்கில் 40 என்பது 70 ஆகிவிடும். அந்த நிலையில் யூ.வி. தண்ணீரைத் தெளிவாகக் காட்டும், அளவு அப்படியே இருக்கும். செடிதான் அதைக் குறைக்கும். ஆகவே தொட்டியைச் சோதிப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள்.

தண்ணீருக்குள்ளும் செடி வேண்டும் என்றால் வாலிஸ்நேரியா வையுங்கள். கடினத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டையும் அது பயன்படுத்திக்கொள்ளும், நம் ஊர்ப் போர் தண்ணீருக்கு ஏற்றது. திரவக் கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு மருந்தை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள், இலை கரைந்துபோகும். ஹார்ன்வோர்ட்டும் வேகமாக வளரும், ஆனால் இடம் மாறினால் ஊசி ஊசியாக உதிர்த்து ஃபில்டரை அடைத்துவிடும்.

யூ.வி. யாருக்கு? மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வெயில் படும் தொட்டி, சிமெண்டுக் குளம் வைத்திருப்பவர்களுக்கு. அங்கே வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லை, மிதக்கும் பாசிதான் முதல் எதிரி. வீட்டுக்குள் இருக்கும் தொட்டி இன்றைக்குப் பச்சையாக இருக்கிறது, கொடி வேர்விடும்வரை பொறுக்க முடியாது என்றால், நண்பர் யாரிடமாவது யூ.வி.யை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். இரவல் கிடைக்காவிட்டால் தொட்டி விளக்கை அணைத்து, கனமான போர்வையால் மூன்று நான்கு நாள் தொட்டியை மூடி, ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். அந்த நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைத்து, திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட்ட பிறகே ஊற்ற வேண்டும்.