ஸ்கைலைன்: பெப்டைடு பொறுக்க நல்ல துணை

நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) ஒரு புரதத்தை அளக்க, அதற்கு அடையாளமாக நிற்கும் சிறு துண்டான பெப்டைடைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் திறப்பது ஸ்கைலைனைத்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெக்காஸ் ஆய்வகம் உருவாக்கிய இலவச மென்பொருள். புரத வரிசையை ஒட்டினால் போதும். லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்குப் பிறகு டிரிப்சின் நொதி வெட்டித் தரும் துண்டுகளை உடனே காட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது பின்னணி புரோட்டியோம் வசதி, அதாவது அந்த உயிரியின் மொத்தப் புரதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அதே துண்டு வேறு புரதத்திலும் இருந்தால் பிடித்துக் கொடுத்துவிடும்.

எளிதில் ஆக்சிஜனேற்றமாகும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உள்ள துண்டுகளை ஒதுக்கவும் வழி இருக்கிறது. முதல் தடவை அதை டிக் செய்யாமல் விட்டது என் தப்பு. நல்ல துண்டு என்று நம்பி அளவை ஒப்பிட உதவும் அதன் கனமான ஐசோடோப்பு ஏற்றிய நகலை வரவழைத்தேன். பாதி ஆக்சிஜனேற்றமாகி, நிறை 16 டால்டன் (அணு நிறை அலகு) கூடி நிறைமாலையில் வேறிடத்தில் போய் நின்றது. பணம் போச்சு!

அப்புறம், பட்டியலில் தேறியதெல்லாம் கருவிக்குத் தெரியும்படி மின்னூட்டம் பெற்று நன்றாக அயனியாகிவிடாது. புரதத்துக்கு நாலைந்தையாவது கருவியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது ஆர்டர் போடுகிறேன்.