சுருதிப்பெட்டி கொள்ளாம், ஆனா அந்த திருகு...

வடசேரில ஒரு கடைல மகளுக்கு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி (பாடும்போது பின்னாடி சுருதிய விடாம இழுத்துட்டே இருக்குற பெட்டி) வாங்குனோம், கடைக்கார அண்ணன் சும்மா எடுத்து நீட்டல, பிள்ளைய கொஞ்சம் பாடச்சொல்லி கேட்டுட்டுதான் அவ குரலுக்கு ஏத்த உயரமா 5 கட்டைல (கட்டைன்னா சுருதியோட உயரத்துக்கு சொல்ற அளவு) வச்சு தந்தாரு (அப்பன் எனக்கு 1 கட்டைக்கே மூச்சு வாங்கும், அது வேற கத).

சத்தம் நல்லா இழையுது. குறை என்னன்னா பக்கத்துல உள்ள ஃபைன் ட்யூன் திருகு லூசு, கை பட்டாலே நகருது. 5 கட்டைக்கு சட்ஜம், அதாவது அடிப்படை 'ச' சுரம், 196 ஹெர்ட்ஸ் வரணும், போன் ட்யூனர்ல பாத்தா 193. மூணுதானேன்னு விட்டா பக்கத்துல ஆர்மோனியம் வாசிக்கும்போது நொடிக்கு மூணு தடவ ஓங்-ஓங்னு அலையடிக்கும், ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. இப்ப திருகு மேல செலோடேப் ஒட்டிருக்கேன். 4 ஸ்டார்.