ஆத்தங்குடிக் கல் வாங்குமுன் பிஐஎஸ் தரநிலையைப் படித்துப் பார்த்தேன்

வீட்டுப் பட்டாசாலைக்கு (கூடத்துக்கு) ஆத்தங்குடித் தரைக்கல் மாற்றலாம் என்று காரைக்குடியில் கடை கடையாக ஏறினால் எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான், 'ஸ்ட்ராங்கான கல்லுண்ணே, பேரன் காலத்துக்கும் நிக்கும்'. எதை வைத்து ஸ்ட்ராங் என்கிறீர்கள் என்றால் பதில் வராது. ஒரு கடையில் 'ஐஎஸ்ஐ கல்' என்றே சொன்னார்கள்; முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும் (தரநிலையின் எண்), கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டதும் பேச்சு விலைக்குத் தாவிவிட்டது. சரி, இவர்களைக் கேட்டுப் புண்ணியமில்லை என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) தளத்தில் தரநிலையையே இறக்கிப் படித்தேன். பதிவு செய்துகொண்டால் போதும், காசு கிடையாது. இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

சிமென்ட் தரைக்கல்லுக்கான தரநிலை ஐஎஸ் 1237. 'தரமானதாக இருத்தல் வேண்டும்' என்று வழவழவென்று எழுதியிருப்பார்கள் என்றுதான் திறந்தேன், ஆனால் சமையல் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறார்கள். கல்லை 24 மணி நேரம் ஊறப்போட்டு, துடைத்து எடை பார்த்து, ஓவனில் உலர்த்தி மறுபடி எடை பார்க்க வேண்டும். குடித்த தண்ணீர் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தேய்மானச் சோதனை இன்னும் சுவாரஸ்யம். சின்னச் சதுரமாக வெட்டின துண்டைக் கவிழ்த்து, உராய்வுப் பொடி தூவிய சுழலும் தட்டின்மேல் பாரத்தோடு அழுத்தி, 22 சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, புதுப் பொடி போட்டு, கல்லை 90 டிகிரி திருப்பி வைத்து, இப்படியே 220 சுற்று ஓட்டுகிறார்கள். அப்புறம் அளந்தால் சாதாரணக் கல் சராசரியாக 3.5 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருக்கக் கூடாது, அதிகப் புழக்கம் தாங்க வேண்டிய கல் என்றால் 2 மில்லிமீட்டர்தான். 'பேரன் காலம்' என்பதை இப்படி அளந்து பார்க்கலாம் என்று கடைக்காரர் யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே வாங்கியிருப்பேன்.

இதையெல்லாம் ஏதோ ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுதிவிடுவதில்லை. உற்பத்தியாளர், வாங்குபவர், ஆய்வுக்கூடத்தார், அரசுத் துறையினர் என்று பல தரப்பும் சேர்ந்த குழு வரைவு தயாரித்து, அதைப் பொதுக் கருத்துக்கு விடுகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், வந்த கருத்துகளைக் குழு பரிசீலித்த பிறகுதான் வெளியீடு. அதோடு விட்டுவிடாமல் அவ்வப்போது மறுபரிசீலனையும் உண்டு. 1237 முதலில் வந்தது 1959இல், பிறகு 1980, 2012 என்று திருத்தியிருக்கிறார்கள்.

குறைத்த ஒரு நட்சத்திரம் எதற்கு என்றால், நம்ம ஊர்க் கல் இதில் முழுசாக அடங்கவில்லை. 1237 மெஷினில் அழுத்திச் செய்யும் கல்லை மனதில் வைத்து எழுதினது. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு இழுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் பதப்படுத்திக் காயவைக்கிறார்கள். அழுத்தமும் இல்லை, சுடுவதும் இல்லை, பளபளப்பு வருவது அந்தக் கண்ணாடியால். அடுத்த முறை வரைவு கருத்துக்கு வரும்போது கல் செய்கிறவர்களே எழுதலாம்தான், ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும் வரைவைத் தேடிப் பிடித்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கல்லை யார் ஊற்றுவது?

இன்னொன்று, ஐஎஸ் எண் இருந்தாலே சட்டப்படி கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான தரநிலைகள் விருப்பத்தின்பேரில்தான். குக்கர், சிமென்ட் மாதிரி அரசு தனியாக ஆணை போட்டவற்றுக்குத்தான் முத்திரை கட்டாயம். அப்படி முத்திரை இருந்தால் 'பிஐஎஸ் கேர்' செயலியில் உரிம எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிடலாம்.

கையால் செய்த கல்லுக்கும் தண்ணீர்ச் சோதனையை வீட்டிலேயே சுமாராகச் செய்யலாம், மாதிரிக் கல் ஒன்றும் சமையலறைத் தராசும் போதும். வீட்டில் அந்த மாதிரி ஓவன் இல்லாததால் வெயிலில்தான் காயவைக்க வேண்டும், கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தளத்தில் தேடும்போது பொருளின் பெயரைவிடத் தரநிலை எண்ணைப் போட்டுத் தேடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.