தோள் ஆப்பரேஷனுக்கு அப்புறம் வாங்கின மான் ரைஃபிள்: சாவேஜ் 110, .243 காலிபர்

போன வருஷம் மார்ச்ல வலது தோள்ல ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்ட புடிச்சிருக்கிற தசைநார், அதுல ஆப்பரேஷன். ஆறு வாரம் கைய தொட்டில் கட்டி தொங்க விட்டாங்க, அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஃபிசியோ, சட்ட பட்டன் போடவே வீட்டுக்காரிய கூப்பிடணும்ங்கிற நிலைமை. இனிமே துப்பாக்கி கிப்பாக்கின்னு பேச்சே எடுக்கக்கூடாதுன்னு வீட்ல தீர்ப்பு வந்தாச்சு. ஆனா பென்சில்வேனியாவுல இருந்துக்கிட்டு தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழம, மான் சீசன் தொடங்குற அன்னிக்கு, காட்டுக்கு போகாம எப்படி இருக்கிறது, அன்னிக்கு காலைல நாலு மணிக்கு கேஸ் ஸ்டேஷன்ல காபிக்கு நிக்கிறவன்ல பாதி பேரு வேட்டைக்கு போடுற ஆரஞ்சு கோட்டோடதான் நிப்பான்.

இதப் படிச்சிட்டு ஊர்ல இருக்கிறவங்க திட்டுவீங்க, தெரியும். அங்க 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, மான தொட்டா ஜெயிலு, அது சரிதான். இங்க வெள்ளைவால் மான் கதை வேற, இந்த ஒரு மாநிலத்துல மட்டும் சமீப வருஷங்கள்ல வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல அடிக்கிறாங்க, அப்படியும் ராத்திரி கார் ஓட்டினா ரோட்டுல குறுக்க வந்து நிக்குது. இன்னொண்ணும் நிறைய பேர் கேக்குறாங்க, எச்-1பி விசாவுல இருந்தா துப்பாக்கி வாங்கலாமான்னு. பொதுவா கூடாது, ஆனா செல்லுபடியாகுற ஹண்டிங் லைசன்ஸ் கைல இருந்தா அதுக்கு விதிவிலக்கு இருக்கு, கடையில துப்பாக்கி வாங்கும்போது நிரப்புற 4473 ஃபார்ம்லயே அந்த கேள்வி வரும். சரி, விஷயத்துக்கு வரேன்.

என்கிட்ட ஏற்கனவே .30-06ங்கிற பெரிய தோட்டா போடுற ரைஃபிள் ஒண்ணு இருந்துச்சு. கம்பெனி பேர் வேணாம். மலை ஏறுறதுக்குன்னு ரொம்ப லேசா செஞ்ச ரைஃபிள், ஸ்கோப் போட்டும் ஏழு பவுண்ட தொடாது. வாங்கும்போது "ஆஹா எவ்ளோ லேசு"ன்னு தூக்கி தூக்கி பாத்தேன், அங்கதான் ஏமாந்தேன். குண்டு முன்னாடி போற வேகத்துக்கு துப்பாக்கி பின்னாடி வந்தே ஆகணும், துப்பாக்கி எவ்ளோ லேசோ அவ்ளோ வேகமா வரும். .30-06ல 165 கிரெயின் (குண்டோட எடைக்கு அளவு) குண்ட எட்டு பவுண்ட் ரைஃபிள்ல சுட்டா உதையோட சக்தி சுமார் 20 ஃபுட் பவுண்ட். அதே தோட்டாவ ஆறு பவுண்ட் ரைஃபிள்ல போட்டா 27 பக்கம் வந்துடும். தோட்டா மாறல, தோள் மட்டும்தான் மாறுது.

செப்டம்பர்ல டாக்டர் ஓகே சொன்னதும் அத எடுத்துக்கிட்டு ரேஞ்சுக்கு போனேன், கூட மதுரைக்கார அண்ணன் ஒருத்தர், இருபது வருஷமா வேட்டைக்கு போறவர். மூணு ரவுண்ட் சுட்டேன், மூணும் மூணு திசைல. ஸ்கோப்புதான் லூசுன்னு நான் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லாம ரைஃபிள வாங்கி, எனக்கு முதுக காட்டிக்கிட்டு தோட்டா போட்டு, "சுடுங்க தம்பி"ன்னு குடுத்தாரு. நான் மூச்ச புடிச்சு ட்ரிகர அழுத்துனேன். டிக். வெடிக்கவே இல்ல, டம்மி தோட்டா போட்டிருக்காரு மனுஷன். ஆனா பேரல் மட்டும் ரெண்டு இஞ்ச் கீழ குனிஞ்சிருந்துச்சு, என் ரெண்டு கண்ணும் இறுக்கி மூடியிருந்துச்சு. "ஸ்கோப்பு லூசு இல்ல தம்பி, நீங்க அடி விழப்போவுதுன்னு பயப்படுறீங்க"ன்னாரு. எனக்கு தலைய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா தேட ஆரம்பிச்சேன். எல்லாமே எட்டு பவுண்ட் ரைஃபிள்னு வெச்சுக்கிட்டா, மத்த தோட்டா வகைகளோட உதை இப்படி: 7எம்எம்-08 சுமார் 14, 6.5 கிரீட்மூர் 13, .243 வின்செஸ்டர் 9 சொச்சம். அடுத்த தோட்டா தானா ஏறுற செமி ஆட்டோமேட்டிக்னா கேஸ் சிஸ்டம் கொஞ்சம் உதைய வாங்கிக்கும், ஆனா பென்சில்வேனியாவுல மானுக்கு அது கூடாது, அதனால ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்ட இழுத்து தோட்டா ஏத்துற போல்ட் ஆக்ஷன்தான். பழைய ரைஃபிளுக்கே உதை கம்மியான தோட்டா கிடைக்கும், ஹார்னடி கஸ்டம் லைட் மாதிரி, நல்ல ஐடியாதான், ஆனா சின்ன ஊரு கடையில அது இருக்கும்னு நம்பி போக முடியாது. குழல் முனைல மாட்டுற மசில் பிரேக் போடலாமேன்னு கேப்பீங்க. உதை நல்லாவே குறையும், ஆனா வெடிக்கிற கேஸ பக்கவாட்டுல திருப்பி விடுறதால சத்தம் காத பிளந்துடும், தோள காப்பாத்தி காத குடுக்கிற மாதிரி. சத்தத்த குறைக்கிற சப்ரெஸ்ஸர் ரெண்டுக்குமே நல்லது, 2026 ஜனவரிலேருந்து அதுக்கு இருந்த 200 டாலர் வரியும் இல்ல, ஆனா ரெஜிஸ்ட்ரேஷன், அப்ரூவல் எல்லாம் அப்படியேதான் இருக்கு, அதுக்கு தனியா காசும் வேணும்.

கடைசில .243. இது 1955ல வந்த தோட்டா, .308 தோட்டாவோட பித்தளைக் கூட்ட கழுத்துல நெருக்கி சின்ன குண்டு போட்டது. "அது பசங்க துப்பாக்கி"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சிரிச்சாரு. ஆமா, இங்க நிறைய பசங்க மொத மான அதுலதான் அடிக்கிறாங்க, மான் சாகுதுல்ல? இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கணும், இதுல தப்பு பண்ண இடம் கம்மி. 100 கிரெயின் குண்டுதான், மான் பக்கவாட்டா நிக்கணும், முன்னங்காலுக்கு பின்னாடி நெஞ்சாங்கூட்டுல விழணும். கோணலா நின்னா விட்டுடணும். தோள் நல்லா இருக்கிறவங்க 7எம்எம்-08 வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன்.

ரைஃபிள் சாவேஜ் 110. 1958லேருந்து செய்யிறாங்க, அழகுன்னு சொல்ல மாட்டேன், டிக்கா கம்பெனி ரைஃபிள கைல எடுத்தா போல்ட் வெண்ணெய் மாதிரி போகும், இது கொஞ்சம் தள்ளணும். பின்ன ஏன் இதுன்னா அக்யூஃபிட்னு ஒரு சமாச்சாரம். பின்கட்டையோட நீளத்த கால் இஞ்ச் கால் இஞ்சா கூட்டி குறைக்கலாம், கன்னம் வைக்கிற இடத்தையும் ஏத்தி இறக்கலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். நான் அஞ்சடி அஞ்சு, இங்க கடையில இருக்கிற துப்பாக்கி எல்லாம் ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது, அதுல டிசம்பர் குளிருக்கு ரெண்டு ஜாக்கெட் போட்டா கட்டை இன்னும் நீளமாயிடுது, தோள்குழில உக்காராம தோள் மூட்டு மேல போய் உக்காரும். ஆப்பரேஷன் பண்ண இடமே அதுதான்! பழைய ரைஃபிள்ல என்னைய கொன்னது பாதி .30-06, பாதி இந்த நீளம்னு இப்பதான் புரியுது. கடையிலயே ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு தோள்ல வெச்சு பாத்தேன், விக்கிறவரு ஒரு மாதிரி பாத்தாரு, பாக்கட்டும். நீங்களும் கண்டிப்பா அப்படித்தான் பாக்கணும்.

700 டாலர் சுத்தி ஆச்சு. ஸ்கோப், ரிங், ஸ்லிங் எல்லாம் போட்டு வீட்டு தராசுல வெச்சேன், எட்டரை பவுண்ட். தோட்டா இருபது ரவுண்ட் பாக்ஸ் 40 டாலர் பக்கம், நான் போன மூணு கடையிலயும் இருந்துச்சு.

ரேஞ்சுல பெஞ்சுல உக்காந்து சுடும்போது நின்னு சுடுறதவிட உதை ஜாஸ்தியா தெரியும், நின்னா உடம்பு கூடவே பின்னாடி சாயும், உக்காந்தா சாய வழியில்ல. அதனால ஜீரோ பண்ற அன்னிக்கு, அதாவது குண்டு விழுற இடத்துக்கு ஸ்கோப்ப சரி பண்ற அன்னிக்கு, சட்டைக்கு உள்ள ஒரு ரீகாயில் பேட் கட்டிக்கிட்டு பத்தே பத்து ரவுண்ட், அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. மொத குண்டு போனதும் நான் பல்ல கடிச்சிக்கிட்டு காத்திருந்தேன், ஒண்ணுமே வரல, பஸ்ல பக்கத்துல நிக்கிறவன் தோள்ல இடிச்ச மாதிரி ஒரு தள்ளு, அவ்ளோதான். கடைசி மூணு ரவுண்ட் நூறு கஜத்துல ஒன்றரை இஞ்சுக்குள்ள. அண்ணன் மறுபடி டம்மி போட்டு குடுத்தாரு, பேரல் ஆடல. மத்த பயிற்சி எல்லாம் .22ங்கிற குட்டி தோட்டா ரைஃபிள்லயும், வீட்ல காலி துப்பாக்கியிலயும்தான்.

குறை சொல்லணும்னா அந்த எட்டரை பவுண்டுதான். சுடும்போது வரமா இருக்கிறது, தூக்கிக்கிட்டு நடக்கும்போது சாபம். வலது தோள்ல ஸ்லிங் மாட்டவே முடியாது, இடது தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தா பழக்கம் இல்லாததால வழுக்கி வழுக்கி இறங்குது. மலை மேல மைல் கணக்கா நடக்கிற ஆளா இருந்தா இது உங்களுக்கு சரிப்படாது. நான் மரத்தடில ஒரு சின்ன நாற்காலிய போட்டு உக்கார்ற ஜாதி.

சீசன் ரெண்டாவது நாள் காலைல ஒரு பொட்டை மான், எண்பது கஜம் இருக்கும், ஓக் மரத்துக்கு பக்கத்துல பக்கவாட்டா நின்னு கொட்டைய பொறுக்கி தின்னுக்கிட்டிருந்துச்சு. சுட்டேன். நாப்பது கஜம் ஓடி விழுந்துடுச்சு. தோள் வலிச்சுதான்னு அப்புறம் எல்லாரும் கேட்டாங்க, சத்தியமா ஞாபகமே இல்ல. அத இழுத்துக்கிட்டு வண்டி வரைக்கும் வந்ததுதான் வலிச்சுது, அதுக்கும் அண்ணன்தான் பாதி இழுத்தாரு. வீட்ல மொளகு தூக்கலா போட்டு சுக்கா பண்ணாங்க, தீர்ப்பு சொன்ன அதே ஆளுதான் ரெண்டாவது தடவை போட்டு சாப்ட்டது.

பழைய .30-06 இப்போ ஒரு கடையில கமிஷனுக்கு கிடக்குது. டேக்ல "கொஞ்சமா யூஸ் பண்ணது"ன்னு எழுதி வெச்சிருக்காங்க.