இதழ் நடத்தும் பதிப்பகத்திடம் நூலைக் கொடுக்கலாமா?

தமிழில் பேர்பெற்ற பதிப்பகங்கள் பலவற்றுக்குத் தாய்வீடு ஓர் இதழ்தான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வந்த கவிதைகளை, 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாக எழுத்து பிரசுரமே கொண்டுவந்தது. 1988இல் சுந்தர ராமசாமி காலாண்டிதழாகத் தொடங்கிய காலச்சுவடு, 1994இல் மீண்டும் வரத் தொடங்கியபின் பதிப்பகமாகவும் விரிந்தது. எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கி வளர்த்த ஆனந்த விகடனின் தொடர்கள், விகடன் பிரசுரத்தின் நூல்களாகின்றன. முதல் நூலை எழுதி வைத்திருப்பவருக்கு இப்படி இதழோடு சேர்ந்த பதிப்பகமே பொருத்தமானது என்பது எங்கள் கணிப்பு. ஆனால் கையெழுத்துப் போடுமுன் பார்க்கவேண்டியவை உண்டு.

இதழ் பதிப்பகத்தை எப்படி வளர்க்கிறது? சந்தாப் பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது. சந்தாதாரர் முகவரிகள் அப்படியே நூல் வாங்குவோர் பட்டியலாகின்றன. புது நூலுக்கு ஒரு பக்க விளம்பரம் போடச் செலவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிது, எந்த எழுத்துக்கு வாசகர் கடிதம் வருகிறது என்பது ஆசிரியர் குழுவுக்கு நூலாக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. தனிப் பதிப்பகத்துக்கு இந்த வசதி கிடையாது.

இதே இணைப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. முகவர்களிடம் போன இதழ்களில் விற்காதவை திரும்பி வரும். விற்றவற்றின் பணமும் மாதங்கள் கழித்தே வரும். தாள் விலை ஏறினால் முதலில் அடிபடுவது இதழ். அந்த இழப்பை நூல் விற்ற பணத்தில் ஈடுகட்டும்போது ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு உரிய பங்கு, தள்ளிப்போகிறது. எனவே அங்கே ஏற்கெனவே நூல் போட்ட இரண்டு பேரிடமாவது, ஆண்டுக் கணக்கு எழுத்தில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அவர்கள் வெளியிட்ட நூல் ஒன்றைக் கையில் எடுங்கள். நடுப்பக்கத்தில் விரித்து அழுத்திப் பாருங்கள். பசை விட்டுத் தாள் கழன்றால் பைண்டிங் சரியில்லை. நூலின் முதுகை, அதாவது தாள்களை ஒட்டிய ஓரத்தை, பாருங்கள். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) மேப்லித்தோ தாளில் 160 பக்கம் என்றால் 80 தாள், முதுகு சுமார் 8 மி.மீ. வரும். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன்பே அட்டையைச் செய்துவிட்டால் முதுகுத் தலைப்பு முன்னட்டைக்குச் சரிந்து நிற்கும். அவசரத்தில் வேலை பார்க்கும் இடம் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கம் சரியாகப் பத்து ஃபாரம். 163 பக்கத்தில் முடியும் நூலை, மிஞ்சும் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போடாமல், வடிவமைப்பில் மூன்று பக்கம் சுருக்கித் தருபவர் உங்கள் காசையும் வாசகர் காசையும் மதிப்பவர்.

பிறகு உள்ளே 'கௌரவம்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'கெளரவம்' என்று, ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக இருந்தால் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் படி) பார்க்கவில்லை என்று பொருள். அச்சில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது; மின்னூலில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. துணைக்காலுக்குப் (ா) பதில் ரகரம் (ர) விழுவதும் இதே வகைப் பிழை. குறைந்தது இரண்டு மெய்ப்பு, அதில் ஒன்று பக்கம் கட்டியபின், எழுத்தாளர் கைக்கு வரவேண்டும்.

ஒப்பந்தத்தில் 'ராயல்டி 10 விழுக்காடு' என்று மட்டும் இருந்தால் போதாது. எதில் பத்து? விலை 250 ரூபாய், விற்றது 300 பிரதி என்று வையுங்கள். அச்சிட்ட விலையில் என்றால் 7,500 ரூபாய். கடைக்கு 40 விழுக்காடு கழிவு போனபின் வரும் தொகையில் என்றால் 4,500தான். நூலக ஆணைப் பிரதிகளும், அதாவது நூலகங்களுக்காக அரசு வாங்கும் பிரதிகளும், கணக்கில் சேருமா என்பதையும் எழுதி வாங்குங்கள். தமிழ் நூல்களுக்கு அது பெரிய விற்பனை.

இதழில் தொடராக வந்ததாலேயே நூலுரிமை இதழுக்குப் போய்விடாது. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால்தான் போகும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பு உரிமையை விற்கத் தெரிந்த பதிப்பகத்துக்கு அந்த உரிமையில் பங்கு கொடுப்பதில் தவறில்லை, தெரியாதவருக்கு ஏன்? பிரதி தீர்ந்து ஓராண்டுக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பவேண்டும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இதழ்கள் அச்சை நிறுத்துவதும் நடக்கிறது: 1941இல் தொடங்கிய கல்கி இதழே 2020இல் இணையத்துக்கு மாறியது.

எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் போடும் சேவைகளை விற்பனை நூலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குடும்ப வரலாறு, ஊர் மலர் போன்று 50 பிரதி போதும் என்பவருக்கு தேவைக்கேற்ப மட்டும் அச்சிடும் முறை (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) சரிதான். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வரவேண்டுமானால் திருத்திய பிரதியை ஆகஸ்டுக்குள் கொடுங்கள். நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் நிரம்பி வழியும். அப்போது முதலில் வெட்டுப்படுவது இரண்டாம் மெய்ப்பு.